சாலை குலுக்கட்டும்... உங்கள் சைக்கிள் குலுக்க வேண்டாம்!

"சுகர் எட்டிப் பார்க்குது, தினமும் சைக்கிள் மிதிங்கன்னு டாக்டர் சொன்னார். ஆசை ஆசையா ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். பத்தே நாள்தான்... கை மரத்துப் போகுது, கழுத்து பிடிக்குது, இடுப்பு விட்டுப் போகுது. இப்ப அது மாடியிலே ஈரத்துணி காயப்போடத்தான் உதவுது!"

நாற்பதைத் தாண்டியவர்களிடம் சைக்கிள் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் புலம்பல் சகஜம். கேட்டால், "எனக்கு வயசாயிடுச்சு" என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் பல நேரம் குற்றவாளி வயசு இல்லை. நம்ம ஊர் ரோட்டுக்கும், நம்ம உடம்புக்கும் பொருந்தாத சைக்கிள்தான்!

மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் தீருமா? உடற்பயிற்சியும் அப்படித்தான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வருஷக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். வலிக்கிற சைக்கிளில் யாராலும் அவ்வளவு நாள் உட்கார முடியாது. ஆகவே, சைக்கிளில் சுகம் தேடுவது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பயிற்சி தொடர்வதற்கு அதுதான் முதல் நிபந்தனை.

காஞ்சியிலிருந்து திருமுக்கூடலுக்கு...

ஒரு உதாரணத்துக்கு, காஞ்சிபுரத்திலிருந்து திருமுக்கூடல் வரை சைக்கிளில் போவதாக வைத்துக்கொள்வோம். வாலாஜாபாத், பழைய சீவரம் வழியாகப் போய் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். சுமார் 20 கிலோமீட்டர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம், அதனால்தான் அந்தப் பெயர்.

பெரிய சாலையில் ஓட்டும்போது பிரச்னை தெரியாது. அதை விட்டு இறங்கினால்தான் இருக்கிறது சங்கதி! இந்த வட்டாரத்தில் கல்குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் நிறைய. பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடும் கிளைச் சாலையில் தார் எத்தனை நாள் தாங்கும்? பெயர்ந்த தார், சிதறிய ஜல்லி, பள்ளம், ஊருக்கு ஊர் வேகத்தடை, ஓரத்தில் மணல்... தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக் கிராமச் சாலையை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

இதில் மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளை ஓட்டினால் ஒவ்வொரு ஜல்லியும் நேராக உங்கள் உள்ளங்கையிலும் முதுகுத்தண்டிலும் வந்து பேசும்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சைக்கிளில் நம் உடம்பு ஐந்து இடங்களில் தாங்கி நிற்கிறது. இரண்டு கை, இரண்டு பாதம், ஒரு சீட்டு. சாலையின் அதிர்ச்சி இந்த ஐந்து வாசல் வழியாகத்தான் உள்ளே நுழையும்.

கை: முழங்கையின் உட்பக்கமாக இறங்கும் ஒரு நரம்பு, மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகப் போகிறது. ஹேண்டில்பார் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே அதிர்ந்தால் சுண்டுவிரலும், மோதிர விரலில் பாதியும் மரத்துப் போகும். அலட்சியப்படுத்தினால் பிடிமானம் குறையும், சட்டைப் பட்டன் போடக்கூட விரல் தடுமாறும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே போகும் இன்னொரு நரம்பின் முறையீடு.

சீட்டு: நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்க இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. சைக்கிள் சீட்டில் பாரம் அந்த இரண்டு எலும்பின்மேல்தான் விழ வேண்டும். ரொம்பவும் குனிந்து ஓட்டினால் பாரம் முன்னே நகர்ந்து, தொடைகளுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதியின் நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்தும். மரத்துப் போவது அதனால்தான். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது.

முதுகும் கழுத்தும்: ஹேண்டில்பார் தாழ்வாக, தூரமாக இருந்தால் இடுப்பு வளையும், ரோட்டைப் பார்க்கத் தலையை மட்டும் நிமிர்த்த வேண்டியிருக்கும். பின்கழுத்துத் தசை ஓயாமல் இறுகி நிற்கும். அந்த நிலையில் கீழேயிருந்து குலுக்கலும் சேர்ந்தால்?

இன்னொரு சங்கதியும் உண்டு. குலுங்கும்போது நம் தசையும் கொழுப்பும் ஆடுகின்றன அல்லவா? அந்த ஆட்டத்துக்கான சக்தியும் நாம் மிதித்த மிதியிலிருந்துதான் போகிறது. ஆகவே, மோசமான ரோட்டில் டயரில் கல் மாதிரி காற்றடித்தால் வேகம் கூடும் என்பது தப்புக்கணக்கு. அலுப்புதான் கூடும்!

காற்றுள்ள டயர் பிறந்ததே சுகத்துக்காக!

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். கெட்டி ரப்பர் சக்கரம், கரடுமுரடான தரை... பையன் குலுங்குவதைப் பார்த்த தகப்பன், ரப்பர் குழாயில் காற்றடைத்து சக்கரத்தில் சுற்றினார். மகன் சுகமாக ஓட்டட்டும் என்று செய்த அந்த ஏற்பாடு, அடுத்த வருஷமே சைக்கிள் பந்தயங்களில் ஜெயிக்க ஆரம்பித்தது. சுகமும் வேகமும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

அடுத்த சாட்சி பிரான்ஸ் நாட்டில். 1896 முதல் நடக்கும் 'பாரிஸ் - ரூபே' பந்தயத்தில், கருங்கல் பாவிய பழைய கிராமப் பாதைகளில் மட்டுமே 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வீரர்களின் கையெல்லாம் கொப்புளமாகிவிடும். அந்த ஊர்ப் பெயரையே வைத்து 2004-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி 'ரூபே' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. 2012-இல் ட்ரெக் கம்பெனியின் 'டொமானே' வந்தது. இதில் சீட்டைத் தாங்கும் குழாய், பாரோடு இறுக்கமாக ஒட்டாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பிறகு ஹேண்டில்பாருக்கு அடியிலேயே சின்ன ஸ்பிரிங் வைத்த மாடல்களும் வந்துவிட்டன.

இந்த ரகத்துக்கு 'எண்டியூரன்ஸ் ரோடு பைக்' என்று பெயர். 'நெடுந்தூர சைக்கிள்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரேஸ் சைக்கிளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

* ஹேண்டில்பார் உயரமாகவும் கிட்டத்திலும் இருக்கும். முதுகு அவ்வளவு வளையாது.

* முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி கொஞ்சம் அதிகம். சைக்கிள் அலைபாயாது.

* டயர் அகலம் 28 முதல் 35 மில்லிமீட்டர் வரை. சிலவற்றில் இன்னும் அகலமாகவும் போடலாம். பழைய ரேஸ் டயர் 23 மில்லிமீட்டர்தான்.

* மேடு ஏற லேசான கியர்கள் இருக்கும். முழங்காலுக்கு நிம்மதி.

இவை விளையாட்டுச் சாமான் இல்லை. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற விதியோடு நடக்கும் 'பிரெவே' பயணங்களில் இந்த ரகத்தைப் பலர் விரும்பி ஓட்டுகிறார்கள். ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ், சென்னையின் 'மெட்ராஸ் ராண்டனியர்ஸ்' போன்ற சங்கங்கள் இத்தகைய பயணங்களை நடத்துகின்றன. யாரையும் முந்த வேண்டாம், குறித்த நேரத்துக்குள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். இந்தக் கொள்கை நமக்கும் சரிதானே?

தாத்தா சைக்கிளின் ரகசியம்

இதையெல்லாம் படித்துவிட்டு, "லட்ச ரூபாய் சைக்கிளுக்கு நான் எங்கே போவேன்?" என்று பெருமூச்சு விடாதீர்கள். நம்ம தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். 28-க்கு ஒன்றரை அங்குல டயர், அதாவது கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டர் அகலம். முன்னே சாய்ந்து நீண்ட ஃபோர்க். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹேண்டில்பார். மேற்படி சமாச்சாரங்களில் முக்கால்வாசி அதில் அப்போதே இருந்தது! 1949-இல் சென்னையில் துவங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும், வடக்கே லூதியானா கம்பெனிகளும் இந்த ரகத்தைத்தான் லட்சக்கணக்கில் செய்து கிராமங்களுக்கு அனுப்பின. குறை ஒன்றுதான். சுமார் 20 கிலோ எடை, கியரும் கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். வயல்வெளிப் பாதையிலும் கப்பி ரோட்டிலும் அவர்களைச் சுமந்ததும் இந்த அகல டயர்தான்.

இன்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் மூலையில் நிற்கிறது. அதையே சரிசெய்து உங்கள் பயிற்சியைத் தொடங்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

காசில்லாமல் கிடைக்கும் சுகம்

1. காற்று: சுகத்தில் பெரும்பங்கு டயருக்குள்தான் இருக்கிறது. 23 மில்லிமீட்டர் டயரை விட 32 மில்லிமீட்டர் டயரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று பிடிக்கும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே உங்களைத் தாங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு உத்தேசமாக 28 மில்லிமீட்டர் டயருக்கு 75 பவுண்டு, 32-க்கு 60 பவுண்டு, 38-க்கு 45 பவுண்டு என்று ஆரம்பிக்கலாம். (மீட்டரில் பி.எஸ்.ஐ. என்று காட்டுமே, அதுதான் பவுண்டு.) முன்சக்கரத்தில் பாரம் குறைவு, அதனால் ஐந்து பவுண்டு குறைத்து வையுங்கள். எடை கூடினால் காற்றும் கூட வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையை மட்டும் தாண்டக் கூடாது.

சாதா சைக்கிளின் வால்வில் மீட்டர் வைத்துப் பார்ப்பது கஷ்டம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் அதிகம். பிதுங்கினால் குறைவு. லேசாக அமுங்க வேண்டும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்!

2. சீட்டு உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் சரி. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. "கால் ரெண்டும் தரையிலே ஊணணும்" என்று சீட்டை ஒரேயடியாக இறக்கிவிடுவதுதான் பலருடைய மூட்டு வலிக்கு மூலகாரணம்.

3. சீட்டின் அகலம்: சோபா மாதிரி புசுபுசுவென்ற சீட்டு கடையில் சுகமாகத்தான் இருக்கும். அரைமணி ஓட்டினால் எலும்பு உள்ளே புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி அழுத்தும். கொஞ்சம் உறுதியாக, உங்கள் உட்காரும் எலும்புகள் இரண்டும் பதியும் அகலத்தில் இருப்பதே நல்லது. பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அகலமான சீட்டு தேவைப்படும். சீட்டு மட்டமாக இருக்கட்டும், மூக்கு மேலே தூக்கியிருக்கவே கூடாது.

4. ஹேண்டில்பார்: தொடக்கத்தில் சீட்டு மட்டத்துக்கோ அதற்கு ஒரு விரல் மேலோ இருக்கட்டும். முழங்கையை விறைப்பாக நீட்டாதீர்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்காகப் பழைய சீவரம் வருவார், திருமுக்கூடலுக்கும் எழுந்தருளுவார். தோளில் சுமப்பவர்கள் மேடு பள்ளத்தில் எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் மடங்கி மடங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், சுவாமி அலுங்க மாட்டார். அதே வித்தைதான். நம் முழங்கை மடங்கினால் குலுக்கல் கழுத்து வரை ஏறாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பிடியை மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள்.

தறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

காஞ்சிப் பட்டு நெய்கிறவர்கள் நாளெல்லாம் குழித்தறியில் முன்னே குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகின் கீழ்ப்பகுதியும் கழுத்தும் ஏற்கெனவே களைத்திருக்கும். தையல் மெஷின், கணக்குப்பிள்ளை மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் அதே கதைதான். குனிந்து வேலை செய்பவர் குனிந்து ஓட்டும் சைக்கிளையும் வாங்கினால் வலிக்கு வட்டி போட்ட மாதிரி! இவர்களுக்கு நிமிர்ந்து உட்கார வைக்கும் சைக்கிள்தான் ஏற்றது. வேலை முடிந்ததும் உடனே ஏறாமல், ஐந்து நிமிடம் நடந்து, கைகளை மேலே உயர்த்தி முதுகை நிமிர்த்திவிட்டு மிதிக்கத் தொடங்குங்கள்.

புதுசு வாங்கப் போகிறீர்களா?

"எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

* எத்தனை அகல டயர் வரை இதில் போடலாம்? ஃபோர்க்கிலும் பின்பக்கமும் டயருக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதா? பழைய ரேஸ் சைக்கிள் பலவற்றில் 28-க்கு மேல் போகாது.

* என் உயரத்துக்கு இந்த பிரேம் அளவு சரியா? அளவு தப்பினால் எந்த ஸ்பிரிங்கும் காப்பாற்றாது. பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

* வால்வு எந்த ரகம்? இத்தகைய சைக்கிள்களில் ஊசி மாதிரி மெல்லிய வால்வு இருக்கும். கிராமத்து சைக்கிள் கடைப் பம்பு அதில் சேராது. ஒரு கைப்பம்பும், சின்ன அடாப்டரும், மாற்று டியூப் இரண்டும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கையில் பணம் குறைவா? சாதா சைக்கிளையே நல்ல டயர், சரியான சீட்டு, ஓவராயில் செய்த பேரிங்கோடு தயார் செய்யுங்கள். அதன் டியூப் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பாதி வழியில் நின்றாலும் வீடு வந்து சேரலாம்.

எவ்வளவு தூரம்? எப்படி?

முதல் வாரம் தினமும் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். அதுதான் 'மிதமான' வேகம். இப்படி இரண்டு மூன்று மாதம் பழகியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமுக்கூடலுக்குத் தாராளமாகப் போகலாம்.

ஏன் திருமுக்கூடல் என்கிறேன்? அங்கே பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சேர்ந்தவர்களுக்கும், அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஆட்களின் கணக்கும், மருந்துகளின் பட்டியலும்கூட உண்டு. ஆரோக்கியத்துக்காக சைக்கிள் மிதிக்கிறவர் போய்ப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

கிளம்பும்போது சில ஜாக்கிரதைகள்:

* வெயில் காலத்தில் எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

* லாரிகள் ஓடும் சாலையில் ஹெல்மெட், பளிச்சென்ற சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு மூன்றும் வேண்டும். லாரியின் இடதுபக்கம் புகுந்து முந்தவே முந்தாதீர்கள். புழுதி அதிகமென்றால், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், வேறு வழி தேடுங்கள்.

* இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் மிதிக்கக் கூடாது. குளுகோஸோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் நிறுத்திச் சாப்பிடுங்கள். செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காயம் பட்டதே தெரியாது.

* இதய நோய், டிஸ்க் பிரச்னை உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இறங்கிய சில நிமிடங்களில் மறைகிற மரமரப்பு, சைக்கிளைச் சரிசெய்யச் சொல்லும் எச்சரிக்கை. மறுநாளும் போகாத மரமரப்பு, கைப்பிடி தளர்வது, காலில் இறங்கும் முதுகுவலி - இவை டாக்டரிடம் காட்ட வேண்டியவை. மிதிக்கும்போது நெஞ்சில் பாரமோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி, ரோடு நல்லா ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை சீட்டை உயர்த்துங்கள், காற்றைச் சரிபாருங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள். பத்து நிமிடம் ஒரு சுற்று போய் வாருங்கள். நாளை மறுநாளும் போகலாம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்கள் சைக்கிள் உங்களுக்குப் பொருந்திவிட்டது என்று அர்த்தம்!